இரும்புக்கை மாயாவிக்கு, டென்மார்க்கிலிருந்து

அன்புள்ள மாயாவி அண்ணைக்கு,

லூயிஸ் கிராண்டேல் என்பதுதான் உங்கள் சொந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் விளங்காது. பிற்காலத்தில் ராணி காமிக்ஸ் முகமூடி போட்ட ஒரு காட்டு வீரரையும் மாயாவி என்று அழைக்கத் தொடங்கியது. அப்போதும் எங்கள் வீட்டில் குழப்பம் வரவில்லை. மாயாவி என்றால் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் நிற்பவர். மற்றவர் குதிரையில் வருகிறவர், அவ்வளவுதான்.

இந்த மடலை டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் இருந்து எழுதுகிறேன். பால், வெண்ணெய், சீஸ் போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் பல காலம் வேலை செய்தவள். எங்களை இங்கே லபோரன்ட் என்பார்கள். விஞ்ஞானி திட்டம் போடுவார். கரைசலைக் கலப்பது, அளப்பது, குறிப்பது, கடைசியில் குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. பேராசிரியர் பாரிஞ்சரிடம் நீங்கள் பார்த்ததும் ஏறக்குறைய இதே வேலைதானே. ஒரே தொழில்காரி என்ற உரிமையில்தான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் குறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கதைப் புத்தகங்களில் ஆய்வுகூட விபத்துகளுக்கு அப்படியொரு யோகம் அடித்த வருடம் வேறில்லை. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் ஹல்க்கையும் ஸ்பைடர்மேனையும் அந்த ஒரே வருடத்தில் இறக்கியது. ஹல்க்காக மாறும் புரூஸ் பேனர் காமாக் கதிர்களை ஆராய்ந்த பௌதிக விஞ்ஞானி. எறும்பளவுக்குச் சுருங்கும் ஹாங்க் பிம் உயிர்இரசாயன நிபுணர். பீட்டர் பார்க்கர் பள்ளிக்கூடப் பெடியன்தான், ஆனாலும் வலை பின்னும் பசையைத் தானே கலந்து செய்யும் அளவுக்குக் கெட்டிக்காரன். டெனிஷ்காரர்களின் மூதாதையர் கும்பிட்ட இடிக்கடவுள் தோரைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. கால் ஊனமுற்ற ஒரு வைத்தியரின் உடம்புக்குள் அவரை ஒளித்து வைத்து அதே வருடம் ஆகஸ்ட் இதழில் கொண்டுவந்தார்கள்.

அக்டோபரில் லண்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழ் தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே நீங்கள் இருந்தீர்கள். டாக்டர் பட்டம் இல்லை, சொந்த ஆய்வுகூடம் இல்லை. விபத்தில் வலது கையை இழந்து, எஃகுக் கையைப் பொருத்திக்கொண்டு, உலகத்தின் மேல் எரிச்சலோடு வேலைக்கு வரும் உதவியாளர் நீங்கள். பிறகு இன்னொரு விபத்து. பெரும் மின்சாரம் உடம்பில் பாய்கிறது. ஆள் மறைந்துபோகிறார். எஃகுக் கை மட்டும் மறைய மாட்டேன் என்று நிற்கிறது.

மறைந்ததும் நீங்கள் செய்த வேலை கொள்ளை. நியூயோர்க் வரைக்கும் போய் அட்டகாசம் செய்தீர்கள். எச். ஜி. வெல்ஸ் 1897இல் படைத்த கிரிஃபினின் நேர் வாரிசு என்று உங்களை அப்போது சொல்லலாம். அவனும் விஞ்ஞானம் படித்து மறைந்தவன், அவனுக்கும் ஊரை ஆட்டிவைக்க ஆசை. ஆனால் கிரிஃபின் தன் வழியைத் தானே கண்டுபிடித்தவன். உடுப்பு மறையாத காரணத்தால் இங்கிலாந்துக் குளிரில் அம்மணமாய் நடுங்கித் திரிந்தவன். உங்களுக்கு உடுப்பும் சேர்ந்தே மறைந்தது. சிறுவர் இதழின் மானம் தப்பியது.

மறைந்த மனிதனை மடக்கியவர் ஒருவர் உண்டு. 'பொழுதுபோக்கு பௌதிகம்' எழுதிய ருஷ்யர் யா. பெரல்மான். கண்ணுக்குள் போகும் ஒளி அங்கே தடுக்கப்பட்டு உறிஞ்சப்பட்டால்தான் பார்வை. உடம்பு முழுக்க ஒளி ஊடுருவிப் போகுமானால் விழித்திரையிலும் அது தங்காது. ஆகவே மறைந்த மனிதன் குருடன் என்கிறார் அவர். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் ஓடிப்போய்ச் சின்னண்ணையிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் விஷயத்தில் அவ்வளவு பற்று.

டென்மார்க்குக்கு வந்த பிறகு எனக்கு உங்கள் மேல் இன்னொரு குறை சேர்ந்தது. அதற்குக் காரணம் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். லாங்கலாண்ட் தீவில் மருந்துக்கடைக்காரரின் மகனாக 1777இல் பிறந்தவர். 1820 வசந்த காலத்தில் கோபன்ஹேகனில் ஒரு விரிவுரையின் நடுவே கம்பியில் மின்சாரத்தைச் செலுத்துகிறார். பக்கத்தில் இருந்த திசைகாட்டியின் ஊசி இலேசாக அசைகிறது. சபையில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. தற்செயல் என்று முழுக்கச் சொல்லிவிடவும் முடியாது, மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்று பல வருடங்களாகத் தேடியவர் அவர். ஆனாலும் அன்று கண்டது ஒரு சின்ன நடுக்கம் மட்டும். அவர் என்ன செய்தார்? ஜூலையில் அதைவிடப் பலமான மின்கலத்தோடு மறுபடி உட்கார்ந்தார். கம்பியை மேலே வைத்துப் பார்த்தார், கீழே வைத்துப் பார்த்தார். கண்ணாடி, மரம், உலோகம் என்று ஒவ்வொன்றாக நடுவே நிறுத்திப் பார்த்தார். ஜூலை 21ஆம் திகதியிட்டு இலத்தீன் மொழியில் 4 பக்கம் எழுதி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். சில வாரங்களில் பாரிசில் ஆம்பியர் அதைப் பிடித்துக்கொண்டார். 1831இல் லண்டனில் பரடே காந்தத்தை அசைத்து மின்சாரம் எடுத்தார். மின்பிறப்பாக்கியும் மின்நிலையமும் வீட்டுக்கு வீடு கம்பியும் அதன் வழியே வந்தவை. நீங்கள் ஆபத்தில் ஓடிப்போய் விரலை நீட்டிய ஒவ்வொரு பிளக்குக்கும் பின்னால் அந்தக் கோபன்ஹேகன் ஊசி இருக்கிறது, அண்ணை.

அவர் மறுபடி செய்து பார்த்தார். நீங்கள் வங்கிக்குப் போனீர்கள்.

அத்தனை வருடக் கதையில் நீங்கள் குறிப்பேடு எழுதி நான் பார்த்ததில்லை. லபோரன்டாக இருப்பவள் இதை எப்படிப் பொறுப்பாள்?

நல்லவேளை, உங்களை அப்படியே விட்டுவிடவில்லை. கெட்டவராகப் படைத்தவர் கென் புல்மர் என்ற விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். அவருக்குப் பின் பேனாவை வாங்கிய டாம் டல்லி, வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் என்று ஊட்டி ஊட்டி உங்களை நல்லவராக்கினார். நிழற்படை என்ற இரகசிய உளவு அமைப்பில் சேர்ந்தீர்கள். அதன் பிறகு கைக்குள் சாமான்கள் சேரத் தொடங்கின. ஒரு விரலில் துப்பாக்கி, ஒரு விரலில் வானொலி. அறுபதுகளின் பிற்பகுதியில், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் ஓடிய சமயத்தில், உங்களுக்கும் இறுக்கமான உடையும் முகமூடியும் மாட்டிவிட்டார்கள். மன்னிக்கவேண்டும், அது எடுபடவில்லை. மறைந்துபோகிறவருக்கு எதற்கு அலங்கார உடை? கொஞ்சக் காலத்தில் அவர்களே அதைக் கழற்றிவிட்டார்கள்.

இந்த வளர்ச்சியில் ஒரு விஷயம் என்னை உறுத்தும். திருடனாக இருந்தபோது உங்களைச் சுற்றி ஆய்வுகூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, பாரிஞ்சர் இருந்தார். நாயகனாக உயர உயர ஆய்வுகூடம் பின்னுக்குப் போய் கட்டளை அதிகாரிகளும் தீவுக் கோட்டைகளும் வந்தன. கைக்குள் புகுந்த கருவிகளை யாரோ செய்து தந்தார்கள், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். விஞ்ஞானி நாயகர் பலருக்கும் நேர்வது இது. முதல் கதையில் சோதனைக்குழாய், பத்தாவது கதையில் குத்துச்சண்டை. ஆனால் உங்களிடம் ஒன்றை மட்டும் அவர்கள் கடைசிவரை பிடுங்கவில்லை. அதற்குத்தான் இந்த மடலில் முதல் நன்றி.

அமெரிக்க நாயகர்களுக்கு விபத்து ஒரு தடவை நடந்தால் போதும், வாழ்நாள் முழுக்கச் சக்தி. உங்களுக்குத் தவணை முறை. ஒவ்வொரு தடவையும் மின்சாரம் தேட வேண்டும், ஒவ்வொரு தடவையும் அந்த அதிர்ச்சியின் வலியைத் தாங்க வேண்டும், நேரம் முடிந்தால் எதிரியின் நடுக்கூடத்தில் ஆள் முழுசாகத் தெரிந்துவிடுவார். எங்கள் வீட்டில் அப்போது மின்சாரம் கிடையாது. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்போம். "எங்கட வீட்டுக்கு மாயாவி வந்தா ஒரு நாளும் மறைய ஏலாது" என்று சின்னண்ணை ஒருநாள் கவலையோடு சொன்னார். ஒரு நாயகனின் பலம் எங்கிருந்து வருகிறது, அது எப்போது தீரும், தீர்ந்தால் என்ன செய்வது என்று நாங்கள் கணக்குப் போட்டுப் படித்தது உங்களை மட்டுமே. மற்றவர்களை வியந்து பார்த்தோம், உங்களுக்காகப் பதறினோம்.

பொம்பிளைப் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் என்னத்துக்கு என்று வீட்டில் கேட்டவர்கள் உண்டு. அட்டை கிழிந்து, யார் யாரோ பெயர் எழுதி, கைமாறி வந்த பிரதிகள் அவை. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்' எல்லாம் எனக்கு முதல் பக்கம் இல்லாத கதைகளாகவே கிடைத்தன. பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் தொடங்கி, கடத்தி, காவலி என்று ரீச்சர் கரும்பலகையில் எழுதியபோது நான் கையை உயர்த்தினேன். உலோகம் நல்ல கடத்தி என்றால், மின்சாரம் முதலில் எஃகுக் கை வழியாகத்தானே போகிறது, பிறகு ஏன் அந்தக் கை மறைவதில்லை? வகுப்பு சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. சரியான விடை தனக்குத் தெரியாது, ஆனால் கேள்வி சரி என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நான் விஞ்ஞானப் பாடத்தை விடவில்லை.

ஆய்வுகூடத்தில் எனக்கு முதலில் பழக்கியது கெல்டால் முறை. பீர் காய்ச்சும் கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் 1875இல் கோபன்ஹேகனில் ஓர் ஆய்வுகூடம் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883இல் கண்டுபிடித்த வழி இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. மாதிரியைக் கொதிக்கும் அடர் சல்பூரிக் அமிலத்தில் கரைத்து, அதில் உள்ள நைதரசனை அமோனியாவாக்கி, வடித்தெடுத்து அளப்பார்கள். பாலாக இருந்தால் கிடைத்த நைதரசனை 6.38ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு. அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில்தான் 1909இல் சோரன்சன் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலை அமைத்தார். சாராயக்காரன் காசில் வந்த விஞ்ஞானம் என்று அம்மா கேட்டால் முகம் சுளித்திருப்பா. அது கிடக்கட்டும். கொதிக்கும் அமிலத்தின் முன்னால் முதன்முதலில் நின்றபோது என் கண் முன்னால் வந்தது பாடப் புத்தகம் இல்லை, உங்கள் வலது கை. கையுறையையும் கண்ணாடியையும் போட மறந்தவள் என்று என்னை யாரும் சொன்னது கிடையாது. அது இரண்டாவது நன்றி.

மூன்றாவது நன்றி உங்களுக்கு இல்லை, உங்களைச் சுமந்துவந்தவர்களுக்கு. அந்தக் காலத்துப் பிரித்தானிய சிறுவர் இதழ்களில் எழுதியவர் பெயரும் வரைந்தவர் பெயரும் போடும் வழக்கம் இல்லை. உங்களை வரைந்த கை ஹெசூஸ் பிளாஸ்கோவின் கை என்பதே எனக்கு நடுத்தர வயதில்தான் தெரிந்தது. 1919இல் பார்சலோனாவில் பிறந்து, ஸ்பெயினின் உள்நாட்டுப் போரை இளைஞனாக வாழ்ந்து கடந்தவர். உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், குடும்பமாகச் சேர்ந்து வேலை செய்தவர்கள். அவருடைய கறுப்பு மையின் நிழல்களை இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். வண்ணம் எதுவும் தேவைப்படாது. ஆளே இல்லாத ஒரு கட்டத்தில் ஒரு கை மட்டும் கதவுப் பிடியைத் திருப்புகிறது. அந்தக் கை கோபமாக இருக்கிறதா, களைத்திருக்கிறதா என்று நமக்குத் தெரிந்துவிடும். முகம் இல்லாமல் நடிக்கவைப்பதற்கு எத்தனை பேரால் முடியும்?

லண்டன் ஆசிரியர்கள் பார்சலோனாவில் வரையச் சொன்னதை எனக்குத் தமிழாக்கித் தந்த ஊர் சிவகாசி. 1972 ஜனவரியில் மு. சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே நீங்கள்தான், இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன், பிள்ளைகளுக்கு எழுதுவதில் தேர்ந்த கை. லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்று உங்களுக்குக் கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் பதின்ம வயதில் 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கி, இன்றுவரை இரண்டையும் இழுத்துப் பிடித்து நடத்துகிறார். முத்து காமிக்ஸ் 2022இல் 50 வருடத்தைத் தொட்டது. பிறந்த மண்ணில் உங்களை மறந்துபோன காலத்திலும் தமிழில் நீங்கள் மறுபதிப்பு மறுபதிப்பாக வந்துகொண்டிருந்தீர்கள். லோகேஷ் கனகராஜ் போன்ற சினிமாக்காரர் உங்கள் பெயரிலேயே ஒரு படம் எடுக்கும் ஆசையைச் சொன்னதும் சிவகாசி போட்ட விதைதான். மொழிபெயர்த்தவர்கள், கட்டங்களுக்குள் கையெழுத்தில் வசனம் எழுதியவர்கள், அச்சுக் கோத்தவர்கள் பலருடைய பெயர் அந்தப் புத்தகங்களில் இல்லை. ஆய்வுகூடத்தில் குடுவை கழுவுகிறவர்களுக்கு அது பழக்கமான விஷயம், இருந்தாலும் இங்கே ஒரு கும்பிடு.

ஒரு வேடிக்கை கேளுங்கள். உங்களை வெளியிட்ட ஃப்ளீட்வே நிறுவனம் 1987இல் ராபர்ட் மாக்ஸ்வெல்லின் கைக்குப் போனது. 1991இல் அதை வாங்கியது யார் தெரியுமா? கோபன்ஹேகனில் உள்ள எக்மண்ட். 1949இலிருந்து டொனால்ட் டக்கை 'ஆனாஸ் ஆன்' என்ற பெயரில் டெனிஷ் வீடுகளுக்குள் கொண்டுபோன அதே குழுமம். என் பிள்ளைகள் டெனிஷ் வாசிக்கப் பழகியதும் அந்த வாத்துப் புத்தகத்தில்தான். அதில் ஒரு கண்டுபிடிப்பாளர் வருவார், கூடவே மின்குமிழைத் தலையாகக் கொண்ட ஒரு குட்டி உதவியாளர். என் பிள்ளைகளுக்குக் கண்டுபிடிப்பாளரைப் பிடித்தது, எனக்கு உதவியாளரை. எக்மண்ட் ஃப்ளீட்வேயை வாங்கிய செய்தி அறிந்தபோது, மாயாவி இனி எங்கள் நாட்டுக்காரர் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. 1970க்கு முன் பிறந்த பாத்திரங்களில் பெரும்பாலானவற்றைப் பழைய உரிமையாளரான ஐ.பி.சி. 1987 விற்பனையின்போதே தன்னிடம் வைத்துக்கொண்டது. வீடு டென்மார்க்குக்கு வந்தது, நீங்கள் மட்டும் ஒப்பந்தத்தில் இருந்து மறைந்துவிட்டீர்கள். 2018இல்தான் ரெபெல்லியன் என்ற பிரித்தானிய நிறுவனம் உங்களை வாங்கியது, 2021இல் பிளாஸ்கோவின் பக்கங்கள் அழகான தொகுப்பாக மறுபடி வந்தன.

நீங்கள் வராவிட்டாலும், இந்த நாட்டில் மறைந்த கதைகள் உண்டு. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் புகுந்தது. கோபன்ஹேகனில் நீல்ஸ் போர் நடத்திய பௌதிகக் கழகத்தில் 2 நோபல் தங்கப் பதக்கங்கள் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்தன. நாட்ஸிகளை எதிர்த்த மாக்ஸ் ஃபொன் லாவேயினுடையது ஒன்று, ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரான ஜேம்ஸ் ஃப்ராங்கினுடையது மற்றது. ஜெர்மனியில் இருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது அன்றைக்குப் பெருங்குற்றம், பதக்கத்தில் பெயரும் பொறித்திருக்கிறது. புதைக்கலாமா என்று யோசித்தார்கள். அங்கே வேலை செய்த ஹங்கேரி நாட்டு இரசாயன விஞ்ஞானி ஜார்ஜ் டி ஹெவெசி வேறு வழி பார்த்தார். செறிந்த நைத்திரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த இராசதிராவகத்தில் இரண்டு பதக்கங்களையும் கரைத்தார். தங்கம் லேசில் மசியாது, மணிக்கணக்காக நின்றிருக்க வேண்டும். தெருவில் படை நடந்துகொண்டிருந்தது. கரைசலை ஒரு போத்தலில் ஊற்றி, மற்றப் போத்தல்களோடு தட்டில் வைத்துவிட்டார். வந்து தேடியவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். போர் முடிந்து வந்து பார்த்தால் போத்தல் இருந்த இடத்தில் இருந்தது. தங்கத்தைப் பிரித்தெடுத்து அனுப்ப, நோபல் நிறுவனம் அதே தங்கத்தில் புதுப் பதக்கம் அடித்துக் கொடுத்தது.

இந்தக் கதையை வாசித்த அன்று உங்களைத்தான் நினைத்தேன். வெடி இல்லை, மின்னல் இல்லை, ஓர் அமிலக் கலவை. என்ன கலந்தால் என்ன ஆகும், எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரிந்த ஒருவர். உங்களுக்கு இந்த இரண்டாவது பாதி தெரியாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமை.

மறைவது எப்போதும் வரம் இல்லை என்பதை எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் வேறு விதமாகக் கற்றார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்த தமிழர்கள், மனைவி மக்களை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டார்கள். சட்டப்படி அது அவர்களுடைய உரிமை. 1987இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன் அந்த விண்ணப்பங்களை நகரவிடாமல் நிறுத்திவைத்தார். கோப்புகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், அலுவலகத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. விசாரணை அறிக்கை வெளிவந்து 1993 ஜனவரியில் பிரதமர் பௌல் ஸ்லூட்டரின் அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளி என்றது. டெனிஷ் சரித்திரப் புத்தகத்தில் அந்த வழக்கின் பெயரே தமிழர் வழக்கு. உங்கள் கதையில் காணாமல் போன ஆளை அந்தக் கை காட்டிக்கொடுக்கும். இங்கே காட்டிக்கொடுத்தவை காகிதங்கள், நல்லதுக்கு.

கை என்றதும் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி. டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவர் பட்டாசு வெடித்து இடது கையை இழந்தவர். சிவகாசி என்ற பெயரை உச்சரித்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தி நெஞ்சில் இடித்தது. உங்களை அச்சடித்துத் தந்த அதே ஊரில் பட்டாசு மருந்து வெடித்துக் கை இழந்த தொழிலாளர்கள் எத்தனையோ பேர். 2013இல் ரோம் நகர மருத்துவமனையில் அந்த டெனிஷ்காரரின் மேற்கை நரம்புகளுக்குள் மெல்லிய மின்வாய்களைப் பொருத்தினார்கள். செயற்கைக் கையின் விரல்களில் உள்ள உணரிகள் அழுத்தத்தை அளக்கும், கணினி அதைச் சிறு மின்துடிப்பாக மாற்றி நரம்புக்கு அனுப்பும். சில்வெஸ்ட்ரோ மிசேரா என்ற இத்தாலியப் பொறியியலாளரின் குழு செய்த வேலை. கண்ணைக் கட்டி, காதையும் அடைத்துவிட்டு, கையில் பொருளைக் கொடுத்தார்கள். இது கடினம், இது மென்மை, இது உருண்டை என்று அவர் சரியாகச் சொன்னார். பல வருடங்களாக இல்லாத கையில் உணர்ச்சி. சோதனைக்கால விதி காரணமாக ஒரு மாதத்தில் மின்வாய்களை எடுத்துவிட்டார்கள், முடிவுகள் 2014இல் வெளியாயின.

நீங்கள் பிறந்து அரை நூற்றாண்டு கழித்து, செயற்கைக் கைக்கும் உடம்புக்கும் நடுவில் மின்சாரம் உண்மையாகவே ஓடியது. உங்கள் கையால் சுவரை உடைக்க முடிந்தது, தோட்டா பாய்ச்ச முடிந்தது. ஆனால் அந்தக் கையால் நீங்கள் எதையாவது தொட்டு உணர்ந்தீர்களா என்று புல்மரும் டல்லியும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. பிளாஸ்கோ மட்டும் கவனித்திருக்கிறார் போலும். சும்மா இருக்கும் கட்டங்களில் நீங்கள் இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டு நிற்பதாக எனக்கு ஒரு ஞாபகம். நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்தது, என் கற்பனையாகவும் இருக்கலாம்.

நன்றிகள் முடிந்தன. ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ரெபெல்லியன் உங்களுக்குப் புதுக் கதை எழுதவைத்தால், அல்லது சிவகாசியில் இருந்தோ சென்னையில் இருந்தோ யாராவது உங்களை மறுபடி எழுப்பினால், இந்தத் தடவை ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், 3 நிரல் போதும்: எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் மறைந்திருந்தீர்கள். 1962இல் லண்டன் வீடுகளில் 240 வோல்ட், நியூயோர்க்கில் அதில் ஏறக்குறைய பாதி. அப்படியானால் முதல் கதையிலேயே அமெரிக்காவில் நீங்கள் சீக்கிரம் தெரிந்துபோயிருக்க வேண்டும். இது எழுதியவர்களின் கவனக்குறைவா, அல்லது மறைவதற்கும் மின்னழுத்தத்துக்கும் தொடர்பே இல்லையா? எங்கள் வீட்டில் இப்போது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். வந்தால் தாராளமாகப் பாவியுங்கள். மீற்றரை நான் பார்த்துக்கொள்கிறேன், குறிப்பையும் நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகியும் தொழில் தோழியுமான
ஒரு லபோரன்ட்
ஹேர்னிங், டென்மார்க்